தட்டோரத்துக் கங்கோங்: உட்லண்ட்ஸ் வட்டாரத்தை முன்வைத்து ஒரு முதல்நிலை ஆய்வு

உட்லண்ட்ஸில் சோதனைச் சாவடிகள் இரண்டு. ஒன்றை உலகறியும். 1924-இல் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் கடற்பாலத்தின் இந்த முனையில் இருப்பது அது. கேமரன் மலையில் பறித்த கோசும் கீரையும் லாரியேறி, ஜொகூர் பாருவைக் கடந்து இந்த வழியாகத்தான் சிங்கப்பூருக்குள் வருகின்றன. இன்னொன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில், சாப்பாட்டு மேசைக்கு முன்னால் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வயது நாலு அல்லது ஐந்து. 2020 மார்ச்சில் மலேசியா ஆள் நடமாட்டத்துக்கு எல்லையை மூடியபோதுகூட முதல் சாவடி காய்கறி லாரிகளை உள்ளே விட்டது. இரண்டாவது சாவடியில் அந்தச் சலுகை கிடையாது.

வரையறையை முதலில் முடித்துவிடுவோம். ‘தட்டோரம்’ என்பது உணவுத் தட்டின் விளிம்பை ஒட்டி, குழந்தை ஒதுக்கிய காய்கறித் துண்டுகள் தேங்கும் நிலப்பரப்பு. பழைய இலக்கணக்காரர்கள் ஐந்து நிலத்துக்கும் உணவு வகுத்தார்கள்; இந்த ஆறாவது நிலத்தை ஏனோ விட்டுவிட்டார்கள். புல ஆய்வுக்கு வட்டாரத்தின் உணவங்காடி நிலையம் எதுவானாலும் போதும். மீன் உருண்டை நூடல்ஸ் வருகிறது. மேலே பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். பள்ளியில் பென்சிலை அடிக்கடி தவறவிடும் அதே கை, சாப்ஸ்டிக்கை எடுத்துப் பச்சை வளையங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சூப்புக் கரண்டியில் அடுக்குகிறது. ஒன்றுகூடத் தப்புவதில்லை. கடைசி வளையம் கரையேறும்போது சூப் ஆறிப்போயிருக்கும். விரல் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எந்தப் பாலர் பள்ளியிலும் இல்லை என்பது இவ்வாய்வின் உபரிக் கண்டுபிடிப்பு.

அரசின் நிலைப்பாட்டில் குழப்பமில்லை. சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014-இல் பழைய உணவுக் கோபுரப் படத்தைக் கைவிட்டு ஒரு தட்டை வரைந்தது. காற்பங்கு முழுதானியம், காற்பங்கு இறைச்சி வகை, மீதிப் பாதி காயும் பழமும். பள்ளிக் கேன்டீன் சாப்பாட்டிலும் காயும் பழமும் கட்டாயம். ஆனால் தட்டில் வைப்பதும் வாயில் வைப்பதும் வெவ்வேறு துறைகள். இரண்டாவதற்கு அமைச்சர் இல்லை.

காய்கறிக்கு எதிர்த்தரப்பு கோழி நகட்; அதன் வரலாறு சுவையானது. கோழி நகட்டுக்கு மூலவர் எந்த உணவு நிறுவன முதலாளியும் அல்லர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் பேக்கர். அரைத்த கோழியைப் பிரியாமல் பிடித்துவைத்து, மேல்மாவு உதிராமல் பொரிக்கும் வழியை 1960-களின் தொடக்கத்திலேயே அவர் கண்டுபிடித்தார். காப்புரிமை வாங்கவில்லை, எழுதி ஊருக்கே கொடுத்துவிட்டார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து அதே கார்னெல் பரிகாரமும் சொன்னது. ஆப்பிளில் எல்மோ பொம்மை ஸ்டிக்கர் ஒட்டினால் பிள்ளைகள் பிஸ்கட்டை விட்டு அதை எடுக்கிறார்கள் என்று பேராசிரியர் பிரையன் வான்சிங்க்கும் குழுவினரும் 2012-இல் எழுதினார்கள். 2017-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 8 முதல் 11 வயதுப் பிள்ளைகள் என்று எழுதப்பட்டவர்கள் உண்மையில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளாம்! ஆக மருந்து ரத்து, நோய் மட்டும் நடப்பில்.

சிங்கப்பூரும் சும்மா இருக்கவில்லை. ஆய்வகத்தில் வளர்த்த இறைச்சியை விற்க 2020 இறுதியில் உலகிலேயே முதலாவதாக அனுமதி தந்தது இந்த நாடுதான். அனுமதி வாங்கிய பண்டம் எது? நகட்.

நகட் வெல்வதற்குக் காரணம் எளிது. எல்லாம் ஒரே அளவு, ஒரே ருசி, முள் கிடையாது, விதை கிடையாது, மெல்லவும் வேண்டாம். கத்தரிக்காயோ திங்கட்கிழமை ஒரு மாதிரியும் வியாழக்கிழமை வேறு மாதிரியும் இருக்கும். 2019-இல் ஆய்வாளர் கெவின் ஹால் குழு அமெரிக்கத் தேசியச் சுகாதார நிலையத்தில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலை உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்துப் பார்த்தது. ஆலை உணவு நாட்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. அவர்கள் அத்தனை பேரும் பெரியவர்கள். நாலு வயதுக்காரரைக் கண்டிக்கப் புறப்படுமுன் இதை நினைத்துக்கொள்வது நலம்.

தமிழ் வீடுகளின் எதிர்நடவடிக்கைகளில் மூத்தது மறைப்பு மரபு. துருவிய கேரட் தோசைக்குள் போகும், கீரை சப்பாத்தி மாவுக்குள். புராண மரபு இன்னும் உறுதியானது. வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்ற ஐதீகம், தொடக்கப்பள்ளி முடிவில் பிஎஸ்எல்இ தேர்வு உள்ள ஊரில் தனி வலிமை பெறுகிறது. ஞாயிறுதோறும் தேக்கா சந்தையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கும் விரல்களில் அதைக் காணலாம். கணக்கு டியூஷன் நிலையங்கள் இன்னும் நிரம்பி வழிவதால் கருதுகோள் நிறுவப்படவில்லை.

அண்மைக் காலத்தில் தலையெடுத்தது லஞ்ச மரபு. “ரெண்டே ரெண்டு வாய் கங்கோங் கீரை, அப்புறம் ஐபேட்.” இதில் ஆபத்து உண்டு. அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச் 1984-இல் வெளியிட்ட சோதனையில், பரிசுக்காகப் புதிய பானம் ஒன்றைக் குடித்த பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிறகு அந்தப் பானத்தின்மேல் இருந்த விருப்பமே குறைந்துபோனது. கூலி கொடுத்துத் தின்னவைக்கும் பொருள் நல்ல பொருளாக இருக்காது என்று பிள்ளை முடிவுகட்டுகிறது. அதில் பிழை சொல்வதற்கில்லை.

அதே பர்ச் 1982-இல் காட்டிய வழியில் தந்திரமே இல்லை. அறியாத உணவை இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு 20 முறை வரை கொடுத்துப் பார்த்தார். நாக்கில் பட்ட தடவைகள் கூடக்கூட விருப்பமும் கூடியது. மிரட்டாமல், கெஞ்சாமல், மறுபடி மறுபடி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். நகட் பெட்டியைப் பிரிக்க ஒரு நொடி போதும் என்றிருக்கும் வீட்டில், வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வந்து கீரை ஆய்பவருக்கு இந்த ‘அவ்வளவுதான்’ சிறிய வேலையல்ல.

மேலும் இம்முறையில் ஒரு நடைமுறைச் சிக்கல் எஞ்சுகிறது. கங்கோங் ஏற்கப்படும்வரை மறுக்கப்பட்ட கங்கோங்கையெல்லாம் யார் தின்பது? உட்லண்ட்ஸ் புலத்தில் விடை உடனே கிடைத்தது. பிள்ளை எழுந்துபோனதும் அம்மா நின்றபடியே தட்டோரத்தை வழித்து வாயில் போட்டுக்கொள்கிறார். மிச்சத்தை, சர்க்கரை நோயைக் காரணம் காட்டித் தாத்தா பக்கம் தள்ளுகிறார்கள். வாரியம் சொன்ன பாதித் தட்டுக் காய்கறி, மொத்த வீட்டையும் சேர்த்துச் சராசரி போட்டால், குறைவின்றி உண்ணப்பட்டுவிடுகிறது. பங்கீடுதான் சற்று ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது.