கூட்ட மீன்பிடிப்பு: நத்தம் வட்டாரத்துக் கண்மாய்களை முன்னிட்டு ஒரு தத்துவ விசாரம்

மீன்பிடித்தலைப் பற்றி உலகத்தில் நூல் செய்தவர்கள் பெரும்பாலும் அதனை ஏகாந்தத்தின் கலையாகவே கருதி வந்திருக்கிறார்கள். 1653ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ஐசக் வால்டன் என்பவர் தூண்டில் போடுவதைப் பற்றி எழுதிய நூலுக்கு, சிந்தனையாளனின் பொழுதுபோக்கு என்ற பொருளில் துணைத் தலைப்பு இட்டார். அவருக்குப் பின் வந்த மேனாட்டுத் தூண்டிற்காரர்கள், அந்தச் சிந்தனைக்கு முதல் விக்கினமாக அடுத்த மனிதனையும், இரண்டாவது விக்கினமாக அவனுடைய தூண்டிலையும் எண்ணி, ஆற்றங்கரையில் ஒருவருக்கொருவர் முகம் கொடாமல் நிற்கும் சம்பிரதாயத்தை வளர்த்தார்கள். இந்தச் சம்பிரதாயத்தை அடியோடு மறுத்து, கூட்டம் இல்லையேல் மீனும் இல்லை என்னும் சித்தாந்தத்தைப் பிரத்தியட்சப் பிரமாணத்தோடு நிலைநாட்டியிருப்பவர்கள் திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் வட்டாரத்தார். கோடை தொடங்கியதும் கண்மாய் கண்மாயாக அவர்கள் நடத்திவரும் மீன்பிடித் திருவிழாவைப் பத்திரிகைகள் வருஷந்தோறும் படத்துடன் போட்டுவிட்டு மறந்துவிடுகின்றன. அதன் உட்பொருளைச் சற்று நிதானமாக ஆராய வேண்டும் என்பதே நமது நோக்கம்.

பூர்வபட்சத்தை முதலில் சொல்லி முடித்துவிடுவது சாஸ்திர மரபு. அமெரிக்காவின் மேற்குக் கரையில் இளஞ்சிவப்பு சால்மன் என்றொரு மீன் உண்டு. பசிபிக் சமுத்திரத்து சால்மன் இனங்களில் உருவத்தால் சிறியது. ஆயுள் இரண்டே வருஷம். பிறந்த ஆற்றுக்கே கடலிலிருந்து திரும்பி வந்து, முட்டையிட்டு, அங்கேயே உயிர் விடுவது. திரும்பும் காலத்தில் ஆண் மீனுக்கு முதுகில் திமில் போல ஒரு மேடு எழும்பிவிடும். வாஷிங்டன் மாநிலத்து ஆறுகளில் இது பெருவாரியாக வருவது ஒற்றைப்படை ஆண்டுகளில்தான். ஆகவே ஒற்றைப்படை ஆண்டுகளில் மனிதர்களும் பெருவாரியாக வருகிறார்கள். தோளோடு தோள் உரசும்படி நின்று அவர்கள் தூண்டில் வீசுகையில், ஒருவர் நரம்பு மற்றவர் நரம்போடு சிக்குவதும், ஒருவர் முள் மற்றவர் தொப்பியைக் கவ்வுவதும் சகஜம். இன்னும் வடக்கே அலாஸ்காவில், கீனாய் ஆறும் ரஷ்யன் ஆறும் கூடுமிடத்தில், செவ்வண்ண சால்மனுக்காக நிற்கும் நெரிசலுக்கு அந்நாட்டார் ‘போர் மீன்பிடி’ என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். இந்தப் போருக்கு ஒரு தர்மமும் உண்டு: ஒருவருக்கு மீன் சிக்கினால் அவர் உரக்கக் கூவ வேண்டும்; கூவியவுடன் பக்கத்திலிருப்பவர்கள் தங்கள் நரம்பைச் சுருட்டிக்கொண்டு விலகி வழிவிட வேண்டும்.

நத்தம் கண்மாயிலும் மீன் சிக்கியவன் கூவத்தான் செய்கிறான். ஆனால் கூவிய மறுகணம் நாற்புறத்திலிருந்தும் நூறு பேர் அவனை நோக்கிப் பாய்கிறார்கள். அங்கே விலகுவதற்கான சைகை, இங்கே அழைப்பிதழ். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே நமது ஆராய்ச்சி முழுவதும் கிளைக்கிறது எனலாம்.

ஊரின் கிடக்கையை உணர்ந்தால்தான் காரணம் விளங்கும். கரந்தமலையும் சிறுமலையும் அழகர்மலையும் ஒவ்வொரு திசையில் எட்டி நிற்க, இடைப்பட்ட பூமியில் மாவும் புளியும் செழித்த ஊர் நத்தம். வற்றாத நதி என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழையைக் கண்மாய்களில் தேக்கி, மடை திறந்து வயலுக்கு விட்டு, தை பிறந்ததும் அறுப்பை முடித்துவிடுவது வழக்கம். மாசி பங்குனியில் கலுங்கும் மடையும் வேலையற்றுப் போகின்றன. நீர்ப்பரப்பு கரையை விட்டு உள்வாங்கி, ஓர் ஓரத்தில் முழங்கால் அளவுக்குக் கலங்கலாகத் தேங்குகிறது. கண்மாய் முழுவதும் உலாவித் திரிந்த மீன்கள் யாவும் அந்த ஒரு மூலைக்கு வந்து சேர்கின்றன. ஆக, மனிதர் கூடுவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே மீன்கள் கூடிவிடுகின்றன. முதற்கூட்டம் அவற்றுடையதே என்பதை ஆராய்ச்சியாளர் மறந்துவிடலாகாது.

அந்தக் கூட்டத்தின் ஜாதகமும் கவனிக்கத் தக்கது. கெளுத்தி, கெண்டை, குரவை, விரால் ஆகியவை இம்மண்ணுக்கே உரியவை. கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளியைப் பூர்வீகமாகக் கொண்டு, குஞ்சுகளாகக் கொண்டுவந்து விடப்பட்டுத் தெற்கே குடியேறியவை. ஜிலேபியோ ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, கேட்பாரின்றிப் பெருகி, இன்று எந்தக் கண்மாயிலும் அதுவே பெரும்பான்மைக் கட்சியாக விளங்குகிறது. மூன்று தேசத்துப் பிரஜைகளும் முழங்கால் நீரில் சமத்துவமாக மூச்சுத் திணறுகிறார்கள்.

இவ்விடத்தில் பொருளாதார சாஸ்திரிகள் ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். காரெட் ஹார்டின் என்ற அமெரிக்கர் 1968இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பொதுச் சொத்தில் ஒவ்வொருவனும் தன் லாபத்தையே தேடினால் அச்சொத்து நாசமாவது திண்ணம் என்று வாதித்தார். ஒரு கண்மாயை ஆயிரம் பேருக்குத் திறந்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பது அவர் வழி நின்று கேட்கத் தக்க கேள்வியே. ஒன்றும் மிஞ்சாது, ஆனால் மிச்சம் வைத்தாலும் மிஞ்சாது. சித்திரை வெயில் இன்னும் இரண்டு வாரம் காய்ந்தால் கண்மாய் வெடித்துக் கட்டாந்தரையாகி, எஞ்சிய மீன்கள் கொக்குக்கும் பருந்துக்கும் போகும். நாசமாவது முன்கூட்டியே நிச்சயமாகிவிட்ட சொத்தில் பேராசைக்கு இடமே இல்லை. அடுத்த மழையில் வரத்துக்கால் வழியாகப் புதுநீரோடு புது மீனும் ஏறி வரும். ஹார்டின் கோடைக்காலக் கண்மாயைக் கண்டிருந்தால் தமது கட்டுரைக்கு ஓர் அடிக்குறிப்பாவது சேர்த்திருப்பார் என்பது என் துணிபு.

இந்தத் திறந்த கதவு வருஷம் முழுவதும் திறந்திருப்பதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏரி குளங்களில் மீன்பிடிக்கும் உரிமைக்குப் பாசிப்பாட்டம் என்று வரி வாங்கிய செய்தி சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் உண்டு. இன்றும் மீன்பாசிக் குத்தகை என்று ஏலம் விடுகிறார்கள். குத்தகைக்குப் போகாத கண்மாய்களே திருவிழாவுக்கு உரியவை. அங்கும் நாள் குறிக்கும் வரையில் ஊரார் ஒருவரும் வலை போடக்கூடாது என்பது கட்டுப்பாடு. நாள் குறித்ததும் செய்தி பரவுகிறது. முன்னாளில் தண்டோரா போட்டார்கள். இந்நாளில் வாட்ஸ்அப் அந்தப் பணியைச் செய்வதால், மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சி வரைக்கும் அழைப்பு போய்விடுகிறது. வெளியூர்க்காரர்கள் முந்தின இரவே சரக்கு ஆட்டோக்களில் வந்து கரையில் படுத்துக்கொள்கிறார்கள்.

விடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கரையிலிருக்கும் காவல் தெய்வத்துக்குத் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, மழை பெய்து விவசாயம் செழிக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறார்கள். அதுவரையில் கரை நெடுகிலும் நிற்கும் ஜனசமுத்திரம் கட்டுப்பட்டு நிற்பது, நமது ரயில் நிலையங்களையும் பஸ் நிலையங்களையும் அறிந்தவர்களால் நம்ப முடியாத அதிசயம். பெரியவர் ஒருவர் கரைமேல் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீசுகிறார். மற்ற தேசங்களில் வெள்ளைக் கொடி சமாதானத்தை அறிவிக்கும். இங்கே யுத்தத்தைத் தொடங்கிவைக்கிறது. துண்டு கீழே இறங்குமுன் கண்மாய்க்குள் தண்ணீர் தெரியவில்லை, தலைகளே தெரிகின்றன.

இனிச் சித்தாந்தம். ஊத்தா என்பது நத்தம் பக்கத்தார் கையாளும் கூடை. மூங்கிற் குச்சிகளால் முடைந்தது. அடி அகன்றும் மேல்வாய் குறுகியும், இரு முனையும் திறந்தும் இருப்பது. நீருக்குள் அதைப் படக்கென்று சேற்றில் அழுத்தி, உள்ளே ஏதேனும் முட்டுகிறதா என்று கவனித்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி மீனை எடுக்க வேண்டும். ஒரு தனி மனிதன், ஐசக் வால்டனைப் போன்ற சிந்தனையாளனாகவே இருந்தாலும், தெளிந்த கண்மாயில் இறங்கி ஊத்தா போட்டால் பொழுது சாய்ந்தாலும் ஒரு கெண்டை அகப்படாது. மீனுக்கு அவன் வருவது தெரியும். ஒதுங்குவதற்கு இடமும் உண்டு. ஆயிரம் ஜோடிக் கால்கள் ஒரே சமயத்தில் அடிச்சேற்றைக் கிளறினால் நடப்பதே வேறு. நீர் குழம்பாகிறது, மீனின் கண்ணுக்குத் திசை தெரிவதில்லை, செவுள்களில் சேறு அடைக்கிறது, நீரில் கரைந்துள்ள பிராணவாயு குறைந்துபோகக் கெண்டையும் கட்லாவும் வாயைப் பிளந்துகொண்டு மேல்மட்டத்துக்கு வருகின்றன. விராலும் குரவையும் மேலே வந்து காற்றையே நேரடியாகச் சுவாசிக்க வல்லவை என்பதால் அந்த உபாயத்துக்கு மசியாமல் சேற்றுக்குள் புதைந்துகொள்கின்றன. அவற்றைக் கண்டுபிடிப்பதும் கால்களே. ஆகவே எந்த மீனையும் எந்த ஒருவரும் தாமே பிடித்ததாகச் சொல்லிக்கொள்ள நியாயமில்லை. கலக்கியது கூட்டம், தூக்கியது மட்டும் அவர். கூட்டம் என்பது மீன்பிடிப்புக்கு நேர்ந்த இடைஞ்சல் அன்று, அதன் முதற்கருவி, ஊத்தா உபகருவி. அமெரிக்கத் தூண்டிற்காரர் கூட்டத்தைச் சகிப்பதற்கு விதி வகுத்தார். நத்தத்தார் அதையே வலையாகப் பின்னிக்கொண்டார்கள்.

கருவியற்றோரும் பலர். சிலர் கொசுவலையைக் கொணர்கிறார்கள். பழஞ்சேலையின் இரு முனையைத் தம்பதிகள் ஆளுக்கொன்றாகப் பற்றி அரித்துச் செல்வதும் உண்டு. வெறுங்கையோடு இறங்குவோர் தனி ஜாதி. கெளுத்திக்குச் செவுளுக்குப் பக்கத்தில் இரண்டும் முதுகில் ஒன்றுமாக முட்கள் இருப்பதையும், அவை தைத்தால் விரல் மணிக்கணக்கில் கடுக்கும் என்பதையும் அவர்கள் அனுபவப் பிரமாணத்தால் அறிந்தும், அடுத்த வருஷமும் வெறுங்கையோடே வருகிறார்கள்.

வியவகாரம், அதாவது வழக்குத் தீர்வு, இந்தச் சாஸ்திரத்தின் கடினமான பகுதி. கண்மாயில் எல்லைக்கல் இல்லை. ஒருவர் ஊத்தாவிலிருந்து துள்ளிய விரால் மற்றொருவர் மடியில் விழுந்தால் அது யாருக்கு? இரண்டு ஊத்தாக்களின் விளிம்புக்கிடையில் அகப்பட்டால்? காலில் மிதித்து வைத்திருப்பவனுக்கா, குனிந்து எடுத்தவனுக்கா? “அண்ணே, கால எடுங்க, அது என் மீனு” என்று ஒருவன் சொல்ல, “மாப்ள, மிதிச்சிருக்கது என் காலு; ஓம் மீனுன்னா பேரு சொல்லிக் கூப்பிடு, வருதா பாப்போம்” என்று மற்றவர் பதிலளிக்கும் சமயத்தில், கேள்விக்குரிய விரால் மூன்றாமவன் பைக்குள் போயிருக்கும். இத்தகைய வழக்குகளில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட தீர்ப்பு, செவுளுக்குள் யார் விரல் முதலில் நுழைந்ததோ அவருக்கே மீன் என்பதாகும். அப்பீல் கிடையாது; ஏனெனில் வாதாடும் நேரத்தில் வேறு மீன் போய்விடும். தாமதத்தின் நஷ்டத்தை இவ்வளவு தெளிவாக உணர்த்தும் நியாயஸ்தலம் நம் தேசத்தில் வேறில்லை.

1895இல் பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ போன் கூட்டங்களின் மனோதத்துவத்தைப் பற்றி நூல் எழுதி, கூட்டத்தில் கலந்த மனிதன் தன் தனித்தன்மையை இழந்துவிடுகிறான் என்று முடிவு கட்டினார். கண்மாய்க் கரையில் நிற்போரை அவர் கண்டதில்லை. நீரில் இறங்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “எலே, வலப்பக்கம், வலப்பக்கம்! ஒனக்குக் கண்ணு இல்லையா?” என்று உள்ளே இருப்போரையெல்லாம் நடத்திச் செல்லும் அந்தப் பெரியோர்கள் தங்கள் தனித்தன்மையில் ஒரு குன்றிமணி எடையும் இழப்பதில்லை. அவர்கள் நனைவதில்லை, முள் தைப்பதில்லை, எத்தனை மீன் தப்பின என்ற கணக்கு மட்டும் அவர்களிடமே இருக்கிறது. இத்தகைய திறமை ஒரு நாளில் வருவதன்று. நத்தம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் வழுக்கும் கழுமரத்தில் இளைஞர்கள் ஏறும்போது கீழே நின்று யோசனை சொல்லிச் சொல்லிப் பழகிய பரம்பரை அது.

அயல்நாட்டு ஒப்புமைகளையும் தொட்டுச் செல்வது ஆராய்ச்சிக்கு அழகு. நைஜீரியாவின் ஆர்குங்கு நகரில், நெடுநாட் பகைமை கொண்டிருந்த சொகோட்டோவுக்கும் கெப்பிக்கும் இடையே ஏற்பட்ட நல்லிணக்கத்தின் நினைவாக 1934இல் தொடங்கிய விழாவில், கைவலையும் சுரைக்குடுக்கையும் ஏந்திப் பல்லாயிரவர் ஆற்றில் பாய்கிறார்கள்; மிகப் பெரிய மீனைப் பிடித்தவருக்குப் பரிசு உண்டு. மாலி தேசத்தில் பாம்பா கிராமத்துப் புனித ஏரியில் டோகோன் மக்கள் வருஷத்துக்கு ஒரு முறை கூடைகளுடன் இறங்கிச் சற்று நேரத்துக்குள் ஏரியைக் காலி செய்துவிடுகிறார்கள்; அங்கே பெண்கள் இறங்கக் கூடாது. நத்தத்தில் பரிசும் இல்லை, அந்தத் தடையும் இல்லை. பெண்களே ஊத்தா போட்டுக் கணவனைக் கூடை சுமக்க வைக்கும் காட்சியும் காணக் கிடைக்கும்.

எஞ்சியிருப்பது கூட்டம் கலைந்த பின் எழும் பிரச்சினை. இங்கே பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும் என்பது சம்பிரதாயம். அன்று சாயங்காலம் ஊரெங்கும் புளி கரைக்கும் வாசம் எழும். ஆனால் எந்தக் கூட்டத்திலும் ஒன்றும் அகப்படாத சிலர் இருந்தே தீருவர். விலைக்கு வாங்கவும் கண்மாயில் வழியில்லை. உடம்பெல்லாம் சேறாக, வெறும் பையோடு வீடு திரும்புவது குடும்ப கௌரவத்துக்கு ஒவ்வாததால், இவர்கள் வழியிலுள்ள கடையில் ஒரு கிலோ கட்லா வாங்கி, அதன்மேல் கொஞ்சம் கண்மாய்ச் சேற்றைப் பூசிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். சேறு கலந்த கூட்டத்தின் உழைப்பு அந்த மீனில் இல்லாவிட்டாலும் சேறு இருக்கிறபடியால், இவர்களையும் மீன்பிடித்தோர் வரிசையிலேயே சேர்க்கலாம் என்பது நமது கட்சி. இதற்கு எதிர்க்கட்சி வீட்டுக்குள் இருக்கிறது. இல்லத்தரசி பையை வாங்கி, மீனைத் தொட்டுப் பார்த்து, ஒரு கணம் யோசித்து, நமது நியாய சாஸ்திரம் முழுவதற்கும் எட்டாத ஒரு வினாவைத் தொடுக்கிறாள்:

“ஏங்க, கண்மாய்க்குள்ள ஐஸா போட்டு வச்சிருந்தாக?”