காருக்குள் மின்னேற்றி வடம்: ஒரு முடிச்சாய்வு

தமிழில் இதுவரை யாரும் ஆராயாத பொருள் என்று ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, தாம் அதை எப்போதோ ஒரு கருத்தரங்கில் ஆராய்ந்து முடித்துவிட்டதாகவும் கட்டுரைத் தொகுப்பு மட்டும் இன்னும் அச்சில் இருப்பதாகவும் சொல்வார். அப்படி எவரும் எழுந்துவர வாய்ப்பில்லாத ஒரே பொருள் என் காருக்குள் கிடக்கும் சார்ஜர் வயர்கள்தாம் என்று உறுதியான பிறகே இதில் இறங்கினேன்.

முதலில் சடங்குகளை முடித்துவிடுவோம். ஆய்வின் எல்லை: ஒரு கார், முன்கண்ணாடியருகே நிற்கும் பிள்ளையார் முதல் பின்சீட்டு முதுகு வரை. டிக்கி எல்லைக்குள் வராது. அங்கே ஸ்டெப்னிக்கு அடியில் கிடப்பவை தொல்லியல் துறையினர் பார்க்க வேண்டியவை. கருதுகோள்: வயர்கள் சிக்கிக் கிடக்கின்றன. முடிவு: வயர்கள் சிக்கிக் கிடக்கின்றன. கருதுகோளும் முடிவும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருப்பதே ஆய்வேட்டுக்கு அழகு. நடுவில் முந்நூறு பக்கம் இருந்தால் பட்டம். களப்பணி: ஒரு கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போன பயணம். நெறியாளர்: போனுக்குள்ளிருந்து வழி சொல்லும் அம்மணி. தரவு: வயர்கள் ஏழு. அவற்றுள் நல்ல நிலையிலிருந்த ஒன்று மட்டும் ‘முதன்மை ஆதாரம்’ என்று சீட்டு ஒட்டப்பட்டு, பிளாஸ்டிக் உறையிலிடப்பட்டு, வீட்டில் என் மேசை இழுப்பறையில் பாதுகாக்கப்படுகிறது. மற்ற ஆறும் துணைமை ஆதாரங்கள், காரிலேயே கிடக்கின்றன.

அடுத்து பெயராராய்ச்சி. ‘வயர்’ என்பது மக்கள் வழக்கு. ‘கேபிள்’ என்றால் என் மாமனாருக்கு டிவி கனெக்‌ஷன். ‘மின்னேற்றி வடம்’ என்ற கலைச்சொல்லைக் கேட்டு நானும் முதலில் சிரித்தவன்தான். யோசிக்க யோசிக்க, அதை ஆக்கியவர் நம்மைவிட விவரமானவர் என்று புரிந்தது. வடம் என்றால் தேர் வேண்டும். காரும் ஒரு தேர்தானே. திருவாரூர் ஆழித்தேரை ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே திசையில் வடம் பிடித்து இழுக்கிறார்கள், அது நிலைக்கு வந்து சேர்கிறது. காரில் வடம் உள்ளே இருக்கிறது. இழுப்பவர்கள் மூன்றே பேர், திசையும் மூன்று. (மைத்துனன், பின்சீட்டு உரை, பரனூர் டோல்கேட்டுக்கு முன்: “என்னோடது நாலு பர்சென்ட்தான் இருக்கு, அதைக் கழட்டுக்கா.” மேற்படி, டோல்கேட்டுக்குப் பின், திருத்திய பதிப்பு: “மூணு.”)

கால ஆராய்ச்சியை நீட்டப் போவதில்லை. தொல்காப்பியத்தின் காலத்தைக் கணித்த அறிஞர்களுக்குள்ளேயே ஆயிரம் ஆண்டு வேறுபாடு உண்டு. மைத்துனன் என்னிடம் வயர் இரவல் வாங்கிய காலம் பற்றி எங்களுக்குள் எட்டு மாதம்தான் வேறுபாடு என்பதால், எங்களுடையது ஒப்பீட்டளவில் துல்லியமான துறை. காரில் நாம் சார்ஜர் செருகும் அந்த உருண்டை ஓட்டை சார்ஜுக்காகப் பிறந்ததன்று. சிகரெட் பற்றவைக்கப் பிறந்தது: 12 வோல்ட்டில் உள்ளே ஒரு சுருள் சிவக்கும், எடுத்துப் பற்றவைத்துக்கொள்ள வேண்டியதுதான். பிறகு போன் வந்தது, ஓட்டை தொழில் மாறிவிட்டது.

பின்களுக்கு முச்சங்கக் கொள்கையே பொருந்தும். முதற்சங்கம் நோக்கியாவின் மெல்லிய ஊசிப் பின். இடைச்சங்கம் மைக்ரோ யூஎஸ்பி. கடைச்சங்கம் சி டைப். முன்னிரண்டையும் கடல் கொண்டது. என் காரில் அந்தக் கடல் சீட்டுக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் நடுவிலுள்ள சந்து. 2012இல் வந்த ஆப்பிளின் லைட்னிங் பின்னைத் தனிச் சங்கம் என்பாரும் உளர். 2023இல் ஐபோன் 15 சி டைப்புக்கு மாறியது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய போன்களுக்கு சி டைப்பே கட்டாயம் என்று சட்டமும் வந்தது. ஆகவே அது சங்கமன்று, கப்பம் கட்டிய சிற்றரசு.

யூஎஸ்பியின் முதல் தரவரைவு 1996இல் வெளிவந்தது. எந்தப் பக்கம் பிடித்துச் செருகினாலும் போகும் சி டைப் 2014இல். நடுவே 18 ஆண்டுகள் மனிதகுலம் செருகிப் பார்த்தது, திருப்பிச் செருகிப் பார்த்தது, பிறகு முதலில் பிடித்தபடியே பிடித்துச் செருகியது. இன்டெலில் இதை உருவாக்கிய குழுவை நடத்தியவர் வதோதராவில் படித்த அஜய் பட். இருபக்கமும் போகும்படி செய்தால் வயரும் செலவும் கூடும் என்று அப்போது விட்டுவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மூலநூலாசிரியரே முன்வந்து பிழைக்குப் பொறுப்பேற்பது எந்தத் துறையிலும் அரிது. பதிப்பாசிரியர்கள் கவனிக்கவும்.

வயர் வகைகள் பல. நீளமானது, குட்டையானது, வாயால் ஊதினால் வேலை செய்வது. ‘ஊமை’ என்று ஒரு வகை உண்டு. யூஎஸ்பி 2 வயருக்குள் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவு வயர்கள் சிலவற்றில் முதல் இரண்டு மட்டும் இருக்கும். செருகினால் சார்ஜ் ஏறும், ஆனால் கார்த் திரையில் ஆண்ட்ராய்டு ஆட்டோ வராது. சம்பளம் ஏறும், கட்டுரை வராது என்னும் நிலைக்கு உவமை தேடும் பேராசிரியர்கள் இதை எடுத்தாளலாம்.

முடிச்சு பற்றி நான் விளையாட்டாகப் பேசுவதாக நினைப்பவர்களுக்கு ஒரு மெய்யான ஆய்வு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இருவர் ஒரு பெட்டிக்குள் நூலைப் போட்டு உருட்டினார்கள். 3,415 முறை உருட்டினார்கள். சில நொடிகளிலேயே முடிச்சு விழுந்தது. விழுந்தவற்றைக் கணிதத்தால் வகைப்படுத்தியதில் 120 வகை தேறியது. 46 சென்டிமீட்டருக்குக் குறைந்த நூலில் மட்டும் முடிச்சு விழவில்லை. 2007இல் கட்டுரை வந்தது, 2008இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. நம் கடைகளில் கிடைக்கும் வயரோ பெரும்பாலும் ஒரு மீட்டர். டேஷ்போர்டுப் பெட்டியும் ஒரு பெட்டி. உருட்டும் பொறுப்பைச் சாலை ஏற்றுக்கொள்கிறது. பரனூரில் தனித்தனியாகப் போட்ட ஆறு வயர்களை ஆத்தூர் டோல்கேட்டில் ஒரே பொருளாக வெளியே எடுத்தேன். அது அந்த 120இல் எதிலும் அடங்காது. அவர்கள் நூலோடு ஹேர்பேண்டும், பெட்ரோல் பங்க் ரசீதும், உறை பிரிந்த இருமல் மிட்டாயும் சேர்த்து உருட்டியவர்கள் அல்லர்.

ஐந்திணையில் அடக்காவிட்டால் தமிழாய்வு ஆகாது என்பதால் அதையும் செய்துவிட்டேன். வெயில் காயும் டேஷ்போர்டு மேல்தட்டு குறிஞ்சி, கப் ஹோல்டர் முல்லை, தண்ணீர் பாட்டில் ஒழுகும் கதவுப் பை மருதம், சிப்ஸ் உப்பு படிந்த கியர்ப் பள்ளம் நெய்தல். ஏன் என்று கேட்காதீர்கள். மற்றவர்களை யாரும் கேட்பதில்லை. சீட்டுக்கு அடி பாலை. இது ஒன்றுதான் உண்மையாகவே பொருந்துகிறது, உரிப்பொருள் பிரிவு.

இனி ‘மாட்டு’. இந்த ஆய்வைத் தொடங்கியதே இதற்காகத்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளில் ஒன்று மாட்டு. தொடர்புடைய சொற்கள் அருகே கிடந்தாலும் எங்கோ தொலைவில் கிடந்தாலும் கொண்டுவந்து இணைத்துப் பொருள்கொள்வது. நச்சினார்க்கினியர் இதில் கைதேர்ந்தவர். பத்துப்பாட்டு உரையில் ஓர் அடியிலுள்ள சொல்லைப் பிடுங்கி, பல அடிகள் தாண்டி, கேட்பவர் திகைக்கும் ஓரிடத்தில் கொண்டுபோய் மாட்டுவார். அவ்வளவு நீளமான வயர் இன்றுவரை எந்தக் கடைக்கும் வரவில்லை.

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டிச் சிறிது தூரத்தில், முன்சீட்டில் இருந்த என் மாமனார் திடீரென்று ஒற்றைச் சொல் மொழிந்தார்: “மாட்டு!”

காருக்குள் ஒரே நேரத்தில் மூன்று உரைகள் பிறந்தன. சார்ஜரைச் சொல்கிறார் என்று கொண்ட என் மனைவி, கைக்கு வந்த வயரின் முனையைத் தன் போனில் மாட்டினாள். முன்னே போலீஸ் நிற்கிறது என்று கொண்ட மைத்துனன் சீட்பெல்ட்டை மாட்டினான். பின்னோக்குக் கண்ணாடியில் தொங்கிய மல்லிகைச் சரம் நழுவுவதைத்தான் சொல்கிறார் என்று கொண்ட அத்தை, பின்சீட்டிலிருந்து எட்டிக் கை நீட்டினார். நான் உரை எதையும் பார்க்காமல் பிரேக்கை மிதித்தேன். சாலையின் குறுக்கே ஐந்தாறு மாடுகள், எந்த உரையாசிரியரையும் பொருட்படுத்தாத நடையில் போய்க்கொண்டிருந்தன.

மாடுகள் போய்விட்டன. விவாதம் போகவில்லை. மாட்டு என்பது முன்னிலை ஏவல் ஒருமை, காலையிலிருந்து இந்தக் காரில் அந்தச் சொல் சார்ஜரைத் தவிர வேறெதற்கும் வழங்கவில்லை என்றாள் மனைவி (நேர்ப்பேச்சு, விக்கிரவாண்டி). செயப்படுபொருள் சொல்லப்படாதபோது சட்டம் எதைக் கட்டாயமாக்குகிறதோ அதையே கொள்ள வேண்டும் என்றான் மைத்துனன் (பெல்ட் மாட்டிய நிலையில், செங்குறிச்சி டோல்கேட் வரிசை; பின்னால் நின்ற லாரியின் ஹாரனால் ஒரு சொல் சிதைவு). அத்தையின் கருத்து முழுமையாகக் கிடைக்கவில்லை (அரைத்தூக்க உரை, இடப்பக்க ஜன்னல் படி, முதல் வாக்கியத்தை ஏ.சி. சத்தமும் கடைசி வாக்கியத்தை முறுக்கும் அழித்துவிட்டன; எஞ்சிய “பாட்டப் போடு” என்னும் நடு வாக்கியம் பிற்காலத்தார் இடைச்செருகலாகலாம்; ஒப்புநோக்குக: அதே அத்தை, வலப்பக்க ஜன்னல் படி, திருமாந்துறையில் டீ குடித்த பின், அங்கே பாடம் “பாட்ட நிறுத்து” என்றிருக்கிறது).

நான் இலக்கணத்தின் வழியே நுழைந்தேன். என் கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் என்னை ஒருமையில் ஏவியதற்குச் சான்றே கிடையாது. எனக்கென்றால் ‘மாட்டுங்க’ என்று வந்திருக்கும். மகனுக்கென்றால் ‘மாட்டுடா’. மகளுக்கென்றால் ‘மாட்டும்மா’. அத்தையை அவர் ஏவியதாக எந்தப் படியிலும் இல்லை. ஆகவே அது ஏவலே அன்று. மாடு என்னும் பெயர், டகரம் இரட்டித்து மாட்டு என நின்றது. அதன்பின் ‘மேல மோதிடப் போறீங்க’ என்பது அச்சத்தால் தொக்கது. தொல்காப்பியர் மாட்டையும் எச்சத்தையும் ஒரே பட்டியலில் வைத்ததன் நுட்பம் இப்போதுதான் விளங்குகிறது.

“அப்பா இங்கதானே உக்காந்திருக்காரு, அவரையே கேட்டா என்ன?” என்றாள் மனைவி. ஆய்வு நெறிக்கு இதைவிடப் புறம்பான யோசனை இருக்க முடியாது. மைத்துனன் உடனே தடுத்தான். ஆசிரியர் சொல்லும் பொருள் நம்மைக் கட்டுப்படுத்தாது, ரோலான் பார்த் 1967இலேயே சொல்லிவிட்டார், ஆசிரியர் இறந்துவிட்டார் என்றான். அத்தைக்குத் தூக்கம் முழுவதும் கலைந்துவிட்டது. “வாயக் கழுவுடா!” என்றார். பின்நவீனத்துவத்துக்கு நான் கேட்டவற்றுள் மிகச் சுருக்கமான மறுப்பு இதுதான்.

வயர்களை ஒழுங்காக வைப்பது எப்படி என்றும் சொல்ல வேண்டுமாம். ரப்பர் பேண்டு வெயிலில் இளகி வயரோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டுக் கிளிப் சித்திரையில் விழும். ஸ்வீட் கடை டப்பா நல்லதுதான், ஆனால் திறப்பவர்களின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. தேறியது பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றே. வயரைத் தளர்ந்த வளையமாகச் சுற்றி அதில் வைத்தால் முடிச்சு விழாது. விரலில் இறுக்கிச் சுற்றக் கூடாது. கழுத்து மடிந்து மடிந்து உள்ளே செம்புக் கம்பி இற்றுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. இந்த முறை செங்குறிச்சி வரை சிறப்பாக நடந்தது. பிறகு மாமனார் அந்தக் கூட்டில் தம் கண்ணாடியை வைத்துக்கொண்டார்.

வயர் கிடைத்தாலும் தீராத சிக்கல் ஒன்றுண்டு. என் கார் பழசு. இத்தகைய கார்களின் யூஎஸ்பி துளைகள் பல 0.5 ஆம்பியர்தான் தரும். ஐந்து வோல்ட்டில் அது இரண்டரை வாட். திரை எரிய மேப் ஓடும் போன் அதைவிட வேகமாகக் குடித்துவிடும். மின்னல் குறி தெரியும், சதவீதம் இறங்கும். சமயபுரத்தை நெருங்கும்போது மைத்துனன் போனும் மனைவி போனும் அணைந்திருந்தன. மாமனாரின் பட்டன் போனில் மட்டும் மூன்று நாள் சார்ஜ் மிச்சம் இருந்தது. அதில் மேப் கிடையாது. என் போனில் நெறியாளர் “இருநூறு மீட்டரில்” என்று தொடங்கினார், திரை கறுத்தது. நெறியாளர் பாதியில் மௌனமாவதும் ஆய்வாளர் தாமே வழி தேடுவதும் நம் பல்கலைக்கழகங்களில் உள்ளதுதான் என்பதால் நான் கலங்கவில்லை.

வாய்மொழித் தேர்வு அங்கேயே சாலையோரம், நிறுத்திய காருக்குள் நடந்தது. புறத்தேர்வாளர் என் மனைவி. ஆறு வயரையும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: “எல்லாம் செத்துப்போச்சு. போன மாசம் நான் வாங்கின வெள்ளை வயர் எங்க?”

ஆய்வேட்டின் இரண்டாம் பத்தியைப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டேன்.