கிளிப் பாட்டும் நாற்பதைத் தொடாத மூவரும்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் இளவயதில் போய்விட்ட இசைக்காரர்களைப் பற்றியவை. அரசியல் கேள்விகள் அடுத்த வாரம் வரை கெட்டுப்போகாது என்பதால் இவற்றுக்கே முதலிடம்.

கல்லூரி மாணவர், கோவை: ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், ஜிம் மாரிசன், கர்ட் கோபெய்ன், ஏமி வைன்ஹவுஸ்... எல்லாரும் 27 வயதில் இறந்திருக்கிறார்களே, அந்த எண்ணுக்கு ஏதாவது சாபமா?

சாபம் இல்லை, தம்பி. பிரிட்டனில் 1956 முதல் 2007 வரை முதலிடம் பிடித்த ஆல்பங்களின் கலைஞர்கள் 1,046 பேரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்த ஆய்வு வெளியானது. 27-இல் தனியாக எந்த மேடும் தெரியவில்லை. ஆனால் இருபதுகளிலும் முப்பதுகளிலும் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, அதே வயதுள்ள மற்றவர்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தது. கவலைப்பட வேண்டியது இந்த இரண்டாவது செய்திக்குத்தான். எண்ணின்மேல் பழியைப் போட்டுவிட்டால் போதையையும், தூக்கம் தொலைத்த பயணங்களையும், அருகில் இருந்தும் தடுக்காதவர்களையும் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

27 என்றால் உங்களுக்கு ஹென்ட்ரிக்ஸ் ஞாபகம் வருகிறார். எனக்குச் செங்கோட்டை.

ஜவுளிக்கடை ஊழியர், தென்காசி: எங்கள் பக்கத்து ஊர்க்காரர் கிட்டப்பா பேசும்படத்துக்கு வந்திருந்தால் தியாகராஜ பாகவதருக்கு இடம் கிடைத்திருக்குமா?

பாருங்கள், செங்கோட்டை என்று எழுதி மை காயவில்லை, உங்கள் கடிதம்!

பாகவதருக்கு இடம் நிச்சயம் இருந்திருக்கும். நல்ல குரல் இரண்டு இருந்தால் தமிழன் இரண்டு டிக்கெட் வாங்குவான். ஆனால் நாம் பாட்டு கேட்ட விதமே மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபரில் வந்தது. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பர் 2-ஆம் தேதி, அதே 27 வயதில் காலமானார். நடுவில் இரண்டே வருஷம். கதவு திறக்கும் சத்தம் கேட்டது, உள்ளே நுழைவதற்குள் அவர் போய்விட்டார். எந்தப் படத்திலும் அவர் முகமோ குரலோ இல்லை. மிஞ்சியவை இசைத்தட்டுகள் மட்டும்.

அவருடைய 'எவரனி' இசைத்தட்டை ஒரு நண்பர் வீட்டில் கேட்டேன். பத்தங்குலக் கறுப்பு அரக்குத் தட்டு, ஓரத்தில் ஒரு சின்ன விள்ளல். ஊசி வைத்ததும் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவதுபோல் ஒரு சத்தம். அதைப் பிளந்துகொண்டு குரல் கிளம்புகிறது. கீழே இருந்து ஏறி வருவதெல்லாம் இல்லை, எடுத்த எடுப்பிலேயே கோபுரத்தின் மேல் நிற்கிறது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் கேட்க வேண்டும் என்று சிறுவயதிலிருந்து பழக்கிய குரல் அது. விடிய விடிய நாடகத்தில் பாடியவரை ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷச் சொச்சத்தில் அடக்கியிருக்கிறார்கள். பிருகா ஒன்று உருண்டு வரும்போதே தட்டு முடிந்துவிடுகிறது.

மைக் வந்தபிறகு அந்தக் குரலை அவர் என்ன செய்திருப்பார்? தணித்து, நெருங்கிவந்து, காதோரம் பாடக் கற்றிருப்பாரா? அல்லது மைக்கையே தள்ளி வைக்கச் சொல்லியிருப்பாரா? என் ஏக்கமெல்லாம் இந்த இடத்தில்தான். ஏற்கெனவே இருப்பது போன்ற பாட்டு இன்னும் நூறு கிடைக்கவில்லையே என்று நான் வருந்தவில்லை. ஐம்பது வயதில் அவர் வேறு மாதிரி பாடியிருப்பாரே, அதைத்தான் இழந்திருக்கிறோம்.

அவர் மனைவி கே.பி. சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. வெள்ளைப் புடவை உடுத்தியவர் 1980-இல் மறையும்வரை அதை மாற்றவில்லை. 1935-இல் 'நந்தனா'ருக்காக மீண்டும் நடிக்க வந்தபோது நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்ச ரூபாய். கிட்டப்பா மேடையில் புகழேற்றிய 'காயாத கானகத்தே' பாட்டை 1945-இல் 'ஸ்ரீவள்ளி' படத்தில் டி.ஆர். மகாலிங்கம் பாடினார். அதைக் கேட்டுக் கண்ணீர் விட்ட பெரியவர்கள் மகாலிங்கத்துக்காக மட்டும் அழவில்லை.

இல்லத்தரசி, நாகப்பட்டினம்: என்.சி. வசந்தகோகிலத்தை ஏன் யாரும் பேசுவதில்லை?

நீங்கள் பேசுகிறீர்கள், நான் பதில் சொல்கிறேன். ஆக இரண்டு பேர் ஆயிற்று. 'ஹரிதாஸ்' படத்தைப் பார்ப்பவர்கள் பாகவதரையும் டி.ஆர். ராஜகுமாரியையும் பார்த்துவிட்டு, மனைவியாக வரும் வசந்தகோகிலத்தைக் கடந்துவிடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அவர் பாட்டை மட்டும் கேளுங்கள்: சுருதியில் தேன் விட்டுக் குழைத்த குரல். எம்.எஸ். கச்சேரிக்கு வரும் கூட்டம் இவருக்கும் வந்த காலம் ஒன்று இருந்தது. 1951-இல் காசநோயில் போனார், 32 வயது. ஐசோனியாசிட் என்ற காசநோய் மாத்திரை 1952-இல் புழக்கத்துக்கு வந்தது. இந்த இரண்டு வருஷங்களையும் அடுத்தடுத்து எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை: சி.ஆர். சுப்பராமன் பெயரை அடிக்கடி எழுதுகிறீர்களே, அப்படி என்ன பெரிதாகச் செய்துவிட்டார்? பத்து வருஷம்கூட இசையமைக்கவில்லையே?

ஐயா, வங்கிக்காரர் கேட்கிறீர்கள், கணக்காகவே சொல்கிறேன்.

சுப்பராமன் 1952 ஜூனில் இறந்தபோது அவருக்கு 28 வயது. இப்போது மற்றவர்களுக்கும் அதே 28-இல் கோடு போட்டுப் பாருங்கள். எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்தது 1928-இல். 28 வயதில் நிறுத்தினால் 'பாவமன்னிப்பு' இல்லை, 'பாசமலர்' இல்லை, 'கர்ணன்' இல்லை, 'காதலிக்க நேரமில்லை' இல்லை. இளையராஜாவுக்கு அந்தக் கோட்டைப் போட்டால் ஒரு பாட்டுகூட மிஞ்சாது, 'அன்னக்கிளி' வந்தபோது அவருக்கு 32. நமக்குப் பத்து வருஷம்கூட முழுதாகக் கொடுக்காத அந்த மனிதர் 'லைலா மஜ்னு', 'மணமகள்', 'தேவதாஸ்' என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தொடக்கமே இப்படி என்றால்?

இன்னொரு கதை சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

பாரதி 'கண்ணன் பாட்டு' எழுதினார். அதில் 'கண்ணம்மா என் குழந்தை' என்ற பாட்டுக்கு பைரவி ராகம், ரூபக தாளம் என்று அவரே குறித்து வைத்தார். நம் வீடுகளில் 'சின்னஞ்சிறு கிளியே' என்று சொல்வோமே, அந்தப் பாட்டுதான். 1951-இல் கலைவாணர் என்.எஸ்.கே. 'மணமகள்' எடுத்தபோது சுப்பராமன் அதை ராகமாலிகை ஆக்கினார். காபியில் தொடங்கும். மாண்ட், வசந்தா, திலங் என்று குழந்தை அறை அறையாக ஓடுவதுபோல் ஓடும். குழந்தை கண்ணில் நீர் வரும் சரணம் வந்ததும் ராகம் சட்டென்று கனத்துப்போகும். எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினார்கள். சினிமா மெட்டு கச்சேரி மேடை ஏறுவது அபூர்வம். இது ஏறியது, இன்றும் துக்கடாவில் சீட்டு எழுதிக் கேட்கிறார்கள். பாடுகிறவர்களிலேயே பல பேருக்கு மெட்டுப் போட்டவர் யார் என்று தெரியாது.

மறு வருஷமே சுப்பராமன் இல்லை. அவரிடம் உதவியாளர்களாக இருந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பாதியில் நின்ற படங்களை முடித்துக் கொடுத்தார்கள், 'தேவதாஸ்' உட்பட. எம்.எஸ்.வி.க்கு அப்போது 24 வயது. அதே கலைவாணர்தான் 'பணம்' படத்தில் இருவரையும் ஜோடியாக இசையமைக்க வைத்தார். மெல்லிசை மன்னர்கள் பிறந்தது ஒரு சாவு வீட்டு வாசலில்.

இனிமேல்தான் கதை. 1987-இல் 'நீதிக்குத் தண்டனை' படத்துக்கு எம்.எஸ்.வி. இசை. அதே பாரதி பாட்டு அவர் கைக்கு வருகிறது, தன் குரு தொட்ட பாட்டு. ஜேசுதாசோடு பாட ஒரு புதுக் குரலைக் கூப்பிடுகிறார். பதினான்கு வயதுப் பெண், பெயர் ஸ்வர்ணலதா. அவருக்கு அதுதான் முதல் படம். ஏழு வருஷம் கழித்து 'கருத்தம்மா'வில் 'போறாளே பொன்னுத்தாயி' பாடித் தேசிய விருது வாங்கினார். 2010 செப்டம்பரில் நுரையீரல் நோயால் இறந்துபோனார்.

எழுதிய பாரதிக்கு ஆயுள் 38. ராகமாலிகை ஆக்கிய சுப்பராமனுக்கு 28. அதைப் பாடி அறிமுகமான ஸ்வர்ணலதாவுக்கு 37. ஒரு தாலாட்டுக்குப் பின்னால் நாற்பதைத் தொடாத மூன்று பேர்.

சுப்பராமன் என்ன செய்தார் என்று கேட்டீர்கள். இதைத்தான் செய்தார்.

பள்ளி மாணவி, புதுக்கோட்டை: ஷூபர்ட் இறந்துவிட்டதால்தான் அவருடைய 'முடிவுறா சிம்பொனி' முடியவில்லை என்று எங்கள் மியூசிக் டீச்சர் சொன்னார். சரிதானா?

டீச்சரிடம் பணிவாகச் சொல்லிவிடு கண்ணு: அதை எழுதத் தொடங்கியது 1822-இல், ஷூபர்ட் இறந்தது 1828-இல். ஆறு வருஷம் இருந்தும் இரண்டு பகுதிகளோடு விட்டுவிட்டார். காகிதங்கள் ஒரு நண்பரிடம் தங்கிப்போய், 1865-இல்தான் வியன்னாவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டன. ஏன் நிறுத்தினார் என்பதற்கு மரணம் காரணமில்லை.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும், நீ படிக்கிற பிள்ளை என்பதால். ஷூபர்ட் 31 வயதுக்குள் அறுநூறு பாடல்களுக்கு மேல் எழுதினார். கடைசி வருஷத்தில் மட்டும் இரண்டு செல்லோக்கள் சேர்ந்த ஐவர் இசை ஒன்று, மூன்று பெரிய பியானோ சொனாட்டாக்கள். அவ்வளவையும் எழுதியவர் 1828 நவம்பர் 4-ஆம் தேதி சைமன் செக்டர் என்ற ஆசிரியரிடம் எதிரிசை இலக்கணம் படிக்கப் போய் மாணவராக உட்கார்ந்தார். நவம்பர் 19-ஆம் தேதி இறந்தார். நடந்தது ஒரே ஒரு வகுப்பு. அவர் அடுத்து எழுதியிருக்கப்போவதை நாம் ஊகிக்கவே முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். அவரே புதிய வழியைத் தேடிக் கிளம்பியிருந்தார்.

தவில் வித்வான், தஞ்சாவூர்: மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 45 வயதில் மறைந்தார். அதையும் இளவயது என்று சொல்லலாமா?

கர்நாடக சங்கீதத்தில் தாராளமாகச் சொல்லலாம். செம்மங்குடி தொண்ணூறைத் தாண்டியவர். ஐம்பதுக்குமேல் நிதானம் பழுக்கும் கலை இது. மேல்நாட்டுக் கருவியில் ஐந்து தனித்தந்தி பூட்டி, மேடு மேடாக மெட்டு வைத்த பலகையில் கமகத்தை வழுக்க வைத்தாரே, அந்தக் கையின் முதுமையை நாம் கேட்கவே இல்லை.

மென்பொருள் ஊழியர், சென்னை: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி மறைந்தவர்களையும் பாட வைக்கலாமே, இழப்பு என்ற பேச்சு எதற்கு?

2024-இல் 'லால் சலாம்' படத்துக்காகப் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் இப்படிக் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததாகச் சொன்னார். முறை அதுதான். அதே வருஷம் ஜனவரியில் பவதாரிணி 47 வயதில் மறைந்தார். சில மாதங்களில் 'கோட்' படப் பாட்டு ஒன்றில் அவர் குரல் வந்தது, இசை தம்பி யுவன். அக்காவின் குரலை ஒருமுறையாவது மீண்டும் கேட்கத் துடித்த தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். நானும் அழுதேன்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இயந்திரத்துக்குத் தெரிவது அவர்கள் பாடி முடித்தது மட்டும். ஒலிப்பதிவில் 'அண்ணே, இந்த இடத்தை இப்படி மாத்திப் பாடட்டுமா?' என்று கேட்கிற பாடகி அதற்குள் இல்லை. குரல் திரும்பி வரும், யோசனை திரும்பி வராது.

வாசகி, திருச்சி: ஒருவருக்கு மட்டும் பத்து வருஷம் கூடுதல் ஆயுள் தரலாம் என்றால் யாருக்கு?

சுப்பராமன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவர் விட்டதை எடுத்துச் செல்ல விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் இருந்தார்கள். நான் பாரிஸுக்குப் போகிறேன்: லில்லி பூலாஞ்சே. 1913-இல் ரோம் பரிசை வென்ற முதல் பெண் இசையமைப்பாளர். 1918-இல் 24 வயதில் இறந்தார். கடைசி உருப்படியை எழுதக் கையில் வலு இல்லாமல், படுக்கையில் இருந்தபடி சொல்லச் சொல்ல அக்கா நதியா எழுதிக்கொண்டார். பிறகு நதியா தன் சொந்தப் படைப்பை நிறுத்திவிட்டு 1979 வரை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஃபிலிப் கிளாஸ், ஆஸ்டர் பியாசோலா, குவின்சி ஜோன்ஸ் எல்லாரும் அவரிடம் படித்தவர்கள். தங்கை இருந்திருந்தால் அக்காவும் எழுதியிருப்பார் என்பது என் நம்பிக்கை. ஒரு வரத்தில் இரண்டு பேர் பிழைப்பார்கள்.

பழைய பொருள் சேகரிப்பவர், காரைக்குடி: தாத்தா பெட்டியில் கிட்டப்பா இசைத்தட்டுகள் இரண்டு கிடைத்தன. ஒரே அழுக்கு. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

ஐயோ, கூடவே கூடாது! அது அரக்கு, ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். மெல்லிய துணியில் தூசியை மட்டும் தட்டுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். இன்றைய எல்.பி. ஊசியை அதில் வைக்காதீர்கள், 78-க்கான அகல ஊசி தனி. தட்டின் நடுவில் ஒட்டிய சீட்டைப் படம் எடுத்து, அதிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, விஷயம் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துக் கணினியில் பதியச் சொல்லுங்கள். டிசம்பர் 2-ஆம் தேதிக்குள் முடித்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் வீட்டுக்கு வருகிறேன், சேர்ந்து கேட்போம்.