வில்லங்க இலக்கணம்: மனைப் படலம்

நிலம் என்பது விற்பவர் காட்டுவது, வாங்குபவர் காண்பது, பிறர் அனுபவிப்பது என மூவகைப்படும். முதலிரண்டும் தரகர் வாக்கில் விரிந்து கிடப்பதால், திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி மனை தேடுவோர் பொருட்டு மூன்றாவது மட்டும் இங்கே ஆராயப்படும்.

பிறர்க்குள்ள பாத்தியதை நடப்பன, பாய்வன, தொங்குவன, புதைவன என நான்காகும்.

நடப்பன: பக்கத்துக் கொல்லைக்காரர் மாடும் வண்டியும் ஓட்டிப் போகும் தடம். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 15-ஆம் பிரிவின்படி, தனியார் நிலத்தில் 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தகராறின்றி, இடைவிடாமல், உரிமையென்றே நடந்தால் தடம் நிலைத்துவிடும். அரசு நிலமாயின் 30 ஆண்டுகள். இதற்குப் பத்திரப் பதிவு வேண்டாம். பதியாதது வில்லங்கச் சான்றில் ஏறாது. ஆகவே ‘வில்லங்கம் ஏதுமில்லை’ என்ற தாளைப் பிடித்து நிற்பவரின் குறுக்கே மாடு நிதானமாகப் போகும்.

பாய்வன: மலையிலிருந்து இறங்கும் ஓடை, ஏரிக்குப் போகும் வாய்க்கால். சித்திரையில் இவை ‘லேசான பள்ளம்’ என்றும், இரண்டு லாரி மண் கொட்டியபின் ‘கிழக்கு பார்த்த மனை’ என்றும் பெயர் பெறும். எஃப்.எம்.பி. எனும் புல வரைபடமும் அ-பதிவேடும் மட்டும் பிடிவாதமாக ‘ஓடைப் புறம்போக்கு’ என்றே சொல்லும். இவ்வகையில் கேலிக்கு இடமில்லை. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், மலைச்சரிவிலுள்ள வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து வீட்டை மூடியதில் ஏழு பேர் இறந்தனர். மலையின் சரிவும் நீரின் வழியும் எந்தப் பட்டாவுக்கும் மூத்தவை.

தொங்குவன: மின்கம்பிகள். கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 11 கிலோவோல்ட் கம்பிக்கு 1.2 மீட்டர், 33-க்கு 2 மீட்டர், தலைக்கு மேல் சென்றால் 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும். மாடி எடுக்கும்போதுதான் இவ்வகை கண்ணில் படும். அதுவரை தரகர் மலையையே காட்டிக்கொண்டிருப்பார்.

புதைவன: குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, கேபிள், எண்ணெய் மற்றும் எரிவாயுக் குழாய். இவற்றுள் கடைசியானது கொடிது. 1962-ஆம் ஆண்டின் குழாய்ப்பாதைச் சட்டப்படி நிலம் உரிமையாளருக்கே சொந்தம். ஆனால் குழாய் செல்லும் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. பயன்பாட்டு உரிமைக்கான ஈடு சந்தை மதிப்பில் 10 சதவீதம். மைய அரசு 2023-இல் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்றொரு செயலி விட்டது, அது தோண்டுவோர்க்கு. வாங்குவோர்க்கு வேலியோரம் புதருக்குள் நிற்கும் எச்சரிக்கைக் கல்லே கதி.

புறனடை: பழைய கிரயப் பத்திரங்கள் நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம் முதலான எட்டு போகங்களையும் சேர்த்தே விற்கும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமோ, பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டிய புதையலைக் கலெக்டரிடம் தெரிவி என்கிறது. ஆக நிதி எழுத்தளவே.

ஐயம்: சதுர அடிக்குக் கூடுதல் விலை வாங்கித் தரும் ‘மலை தரிசனம்’ எவ்வகைப் பாத்தியதை?

விடை: எவ்வகையும் அன்று. எத்தனை ஆண்டு பார்த்தாலும் பார்வை உரிமையாகாது. எதிர்மனைக்காரர் முறையாக அனுமதி பெற்று மூன்று மாடி எழுப்பினால் அண்ணாமலையார் அவர் மொட்டைமாடிக்குப் போய்விடுவார். காசு கொடுத்தது நிற்காது; காசு கொடுக்காத மாட்டுத் தடம் நிற்கும்.

பரிகாரம்: புல வரைபடம், அ-பதிவேடு, கிராம வரைபடம், 30 ஆண்டு வில்லங்கம் ஆகியவற்றுடன் சர்வேயரை அழைத்துக் கல் பார்க்க. பிறகு ஐப்பசி மழையில், தரகரிடம் சொல்லாமல், தனியே போக. அங்கே ஆடு மேய்ப்பவரிடம், “பெரியவரே, தண்ணி எந்தப் பக்கமா போவும்? நீங்க எந்த வழியா போவீங்க?” என்று கேட்க. கமிஷன் வாங்காதவர் சொல்லே இந்நூலுக்குப் பிரமாணம்.