உறுப்புவாரி வயதுச் சான்று கோரி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர் ஒருவர்,
ஸ்ரீரங்கம்.

பெறுநர்:
ஒரு மனிதர் எந்தத் தேதியிலிருந்து கிழவர் என்று முடிவு செய்யும் உயர் அலுவலர் அவர்கள்,
(எந்தத் துறை, எந்த மாடி என்று தெரியவில்லை. தபால் பிரிவினர் உரிய இருக்கைக்கு அனுப்பி உதவவும்.)

பொருள்: வயது – துறைக்கு ஒன்றாக நிர்ணயித்தது – உறுப்புவாரியாக வயதுச் சான்று வழங்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. எனது பள்ளி மாற்றுச் சான்றிதழ். 2. எனது முழங்கால்.

ஐயா,

ஆவணப்படி எனக்கு 67 வயது. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த 67 எந்த அலுவலகத்தில் என்னவாகக் கணக்காகும் என்பதில்தான் தெளிவுரை வேண்டியிருக்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வாரிசுச் சான்று என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தே காலம் தள்ளியவன் நான். ஒருவன் யார், எங்கே குடியிருக்கிறான், என்ன சம்பாதிக்கிறான், அவனுக்குப் பின் யார் யார் என்பதையெல்லாம் எங்கள் முத்திரை விழுந்தால்தான் அவன் வீட்டாரே நம்புவார்கள். அவன் கிழவனா இல்லையா என்று மட்டும் எங்களை யாரும் கேட்டதில்லை. அந்தப் பொறுப்பைத் தாங்கள் எடுத்துக்கொண்டீர்கள். எடுத்துக்கொண்டதன் விளைவு, ஒரே கோப்பில் பத்துப் பேர் பத்து விதமாகக் குறிப்பு எழுதி வைத்ததுபோல் இருக்கிறது.

40 ஆனதுமே ஓட்டுநர் உரிமத்துக்கு மருத்துவச் சான்று கேட்கிறீர்கள். ரயிலில் கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டுக்கு ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45. அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 60. ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராக இருந்தால் 55-லேயே மூத்தவராகிவிடலாம். திருமலையில் முதியோர் தரிசனத்துக்கு 65. வருமானம் பார்க்காமல் கொடுக்கும் 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீட்டுக்கு 70. தேர்தல் காலத்தில் வீட்டுக்கே வந்து வாக்கு வாங்கிக்கொள்ளும் வசதி முன்பு 80 வயதுக்கு இருந்தது. 2024-இல் அதை 85 ஆக்கினீர்கள். 82 வயதுக்காரர்கள் ஒரே இரவில் வாலிபர்களாகி வாக்குச்சாவடி வரிசைக்குத் திரும்பினார்கள்.

வருமான வரித் துறையின் கணக்கு இன்னும் நயமானது. அங்கே 60 ஆனால் மூத்தவர், 80 ஆனால் மிக மூத்தவர். அதுவும் பழைய வரித் திட்டத்தில் மட்டும். புதிய திட்டத்தில் வயதுக்கென்று தனி வரம்பே கிடையாது. எண்பது வயதுக்காரர் படிவத்தில் ஒரு கட்டத்தை மாற்றி டிக் அடித்தால் அவரும் அவர் பேரனும் ஒரே வயது. காயகல்பத்தை இத்தனை மலிவாகச் சித்தர்கள்கூடக் கொடுத்ததில்லை.

என்னை 58 முடிந்த மாதத்தின் கடைசி நாளில் மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள். இத்தனை காலம் உழைத்த உடம்பு இனி ஓய்வெடுக்கட்டும் என்று ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினார்கள். நானும் நம்பி, ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டேன். 2020 மே மாதம், தமிழ்நாட்டு அரசு ஊழியரின் உடம்பு 59 வரை தாங்கும் என்று ஆணை வந்தது. 2021 பிப்ரவரியில் 60 வரை தாங்கும் என்றார்கள். ஒன்பது மாதத்தில் மனித உடல் ஒரு வருடம் கூடுதலாகத் தேறிய அதிசயத்தை எந்த மருத்துவ இதழும் ஏனோ எழுதவில்லை. இந்த வேகத்தில் போனால் என்னைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று கொஞ்ச நாள் தபால்காரரைக் கண்டாலே பதுங்கினேன்.

குறை மட்டும் சொல்லக்கூடாது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு ஓர் அருமையான திட்டம் வைத்திருக்கிறீர்கள். 80 வயதானால் 20 சதவீதம் கூடுதல் ஓய்வூதியம். 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50. நூறைத் தொட்டால் நூறு சதவீதம். சாகாமல் இருப்பதற்குத் தவணை முறையில் ஊக்கத்தொகை கொடுக்கும் ஏற்பாடு இது. காலையில் கொள்ளிடக்கரையில் எங்களோடு நடக்க வருபவர்களில் எண்பதை நெருங்குகிறவர்கள் மட்டும் முன்னால் போய்க்கொண்டே இருப்பதன் ரகசியம் வெகுநாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

ஆக, தங்கள் பார்வையில் வயது என்பது ஆளைப் பொறுத்ததல்ல, விஷயத்தைப் பொறுத்தது. இதை நான் கண்டிப்பதற்காக எழுதவில்லை. எங்களுக்கும் அதே வசதி வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். இதற்கு ஆதாரமாக, அண்மையில் நாங்கள் போய்வந்த ஒரு பயணத்தின் விவரத்தைத் தங்கள் மேலான பார்வைக்கு வைக்கிறேன்.

என் அக்காள் கணவருக்கு, மாமா என்றுதான் கூப்பிடுவோம், 70 நிறைந்தது. திருக்கடையூரில் பீமரத சாந்தி. டெம்போ டிராவலர் பேசி, விடியுமுன் ஸ்ரீரங்கத்திலிருந்து கல்லணை வழியாகக் கிளம்பினோம். ஏறும்போதே முன் இருக்கைக்குப் போட்டி. "எனக்குக் கால மடக்க முடியாது", "எனக்குப் பின்னாடி உக்காந்தா தலை சுத்தும்", "நான் போன மாசம்தான் ஸ்டென்ட் வச்சேன்" என்று அவரவர் தங்கள் முதுமையை ஏலத்தில் விட்டார்கள். ஸ்டென்ட் ஜெயித்தது. ஓட்டுநர் தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். என்னைப் பார்த்து, "பெரியவரே, பாத்துக் கால வைங்க" என்றான். அடுத்து ஏறிய என் மனைவியிடம், "அக்கா, பையக் குடுங்க" என்றான். எங்களுக்குள் மூன்று வயதுதான் வித்தியாசம். போகிற வழியெல்லாம் தம்பிக்கு ராஜ உபசாரம் நடந்தது. எங்கே வண்டி நின்றாலும் முதல் காபி அவனுக்குத்தான்.

திருவையாறு வந்ததும், இருக்கைக்காக எண்பது வயது காட்டியவர்கள் அத்தனை பேரும் பள்ளிப் பிள்ளைகளாக இறங்கி அசோகா அல்வா வாங்க ஓடினார்கள். கால் மடங்காதவர்தான் முதலில் கடையை அடைந்தார். வாழையிலையில் நெய் வழிய வைத்துக் கொடுத்ததை மாமா வாங்கி, அக்காவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "பாசிப்பருப்புதான்டா, புரதம்" என்றார். பிறகு ஆளுக்கொரு டப்பாவைத் திறந்து, சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரையை அசோகாவுக்குப் பின் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கடையில் ஒரே குரலாக "சர்க்கரை இல்லாம ஒன்பது காபி" என்றார்கள்.

திருக்கடையூரைப் பற்றி ஓய்வு பெற்ற அலுவலன் என்ற முறையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அங்கே எமதர்மன் என்ன தவறு செய்தான்? மார்க்கண்டேயனுக்குப் பதினாறு முடிந்தது. உரிய தேதியில், உரிய ஆணையோடு, கடமையாற்ற நேரில் வந்தான். கயிறு வீசியதில் லிங்கமும் சேர்ந்து மாட்டிக்கொண்டதை நடைமுறைப் பிழை என்று விளக்கம் கேட்டு முடித்திருக்கலாம். காலால் உதைத்துவிட்டார்கள். மேலிடத்துச் சிபாரிசு உள்ளவனிடம் வசூலுக்குப் போன ஒவ்வொரு வருவாய் ஆய்வாளருக்கும் அந்த வலி தெரியும்.

மண்டபத்தில் ஒரே நேரத்தில் ஏழெட்டு ஜோடிகள் உட்கார்ந்திருந்தார்கள். 60-க்குச் சஷ்டியப்த பூர்த்தி, 70-க்குப் பீமரத சாந்தி, 80-க்குச் சதாபிஷேகம். பக்கத்தில் இருந்த எண்பது வயது அம்மாள், எதிரே அறுபது நிறைந்த ஜோடியைக் கன்னத்தில் கைவைத்துப் பார்த்து, "சின்னஞ்சிறுசுங்க, நல்லா இருக்கட்டும்" என்றார். அந்தச் சின்னஞ்சிறுசு சர்க்கரை மாத்திரை போட மறந்துவிட்டதென்று அப்போது மகளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தது. மாமா தலையில் கலச நீர் கொட்டத் தொடங்கிய பிறகுதான் அவர் காதுக் கருவியைக் கழற்றவில்லை என்பது அக்காவுக்கு ஞாபகம் வந்தது. பாய்ந்து பிடுங்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அதன்பின் மாமாவுக்கு எதுவும் கேட்கவில்லை. சாஸ்திரிகள் நட்சத்திரம் கேட்டால் கோத்திரம் சொன்னார், கோத்திரம் கேட்டால் தலையசைத்தார். போட்டோக்காரப் பையன், "ஐயா, அம்மாவைப் பாத்து லைட்டா சிரிங்க" என்று கத்தியது எப்படியோ கேட்டுவிட்டது. நனைந்த வேட்டியோடு நடுங்கிக்கொண்டு, அக்காவைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு எழுபது வயதுக்குரியதே அல்ல. அதற்கு என்ன வயது என்று நிர்ணயிக்கத் தங்களிடம் படிவம் இருக்கிறதா?

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்திலிருக்கும் தரங்கம்பாடிக்குப் போனோம். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்ட ஆரம்பித்த கோட்டை, கடலைப் பார்த்தபடி திடமாக நிற்கிறது. மத்திய அரசின் 1958-ஆம் வருடச் சட்டப்படி ஒரு கட்டடம் பழமைச் சின்னம் என்ற தகுதியைப் பெற அதற்குக் குறைந்தது நூறு வயதாக வேண்டும். பெற்று, பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும் அறிவிக்கப்பட்டுவிட்டால் அதைக் கீறினால்கூடக் குற்றம். மறுபக்கம், அரசு வாகனத்துக்கு 15 வயதானால் 2023 ஏப்ரல் முதல் பதிவு ரத்து, காயலான் கடை. மனிதன் பேருந்துக்கும் கோட்டைச் சுவருக்கும் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறான். எங்கள் கூட்டம் கோட்டைப் படியில் உட்கார்ந்து இதைத்தான் விவாதித்தது. திரும்ப எழுந்திருக்க ஒருவருக்கொருவர் கை கொடுத்தபோது, பேருந்துக் கட்சிக்கே பெரும்பான்மை இருந்தது.

மேற்கண்ட பயணத்தில் நிரூபணமானது என்னவென்றால், ஒரே ஆளுக்குள் பல வயதுக்காரர்கள் குடியிருக்கிறார்கள். என் வரையில் கள ஆய்வு செய்ததில், முழங்காலுக்கு 81. கண்ணுக்குத் தூரத்தில் 50, செய்தித்தாளில் 75. நாக்குக்கு 19 தாண்டவில்லை. ஞாபகத்துக்கு இரண்டு கணக்கு. 1975-இல் ஊர் டூரிங் கொட்டகையில் என்ன படம் ஓடியது என்பதற்கு இருபது வயது. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்பதற்குத் தொண்ணூறு. தூக்கம் மட்டும் விசித்திரம். இரவில் கிழம், தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது கைக்குழந்தை. இவற்றையெல்லாம் கூட்டி வகுத்து 67 என்று ஒரே எண்ணில் அடைப்பது எந்த உறுப்புக்கும் நியாயமாகாது. ஆகவே ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனி வயதுச் சான்று, பச்சை மையில் கையொப்பமிட்டு வழங்க வேண்டுகிறேன். கீழ்ப்படுக்கைக்கு முழங்காலையும், அசோகாவுக்கு நாக்கையும் காட்டிக்கொள்கிறேன்.

இதற்கு விதியில் இடமில்லை என்று தங்கள் அலுவலகம் குறிப்பெழுதும் என்பது தெரியும்; நான் எழுதாத குறிப்பா. எனவே முன்னுதாரணத்தையும் சமர்ப்பிக்கிறேன். பார்வை 1-ஐப் பார்க்கவும். என்னைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது பிறந்த தேதி என் அம்மாவுக்குத் தெரிந்த வகையில் "ஆத்துல பெருசா தண்ணி வந்த வருஷம், அறுப்புக்கு முன்னால". தலைமையாசிரியர் என் வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். விரல் நுனி எட்டியது. ஐந்து வயது என்று எழுதி, ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கத் தோதாக ஒரு தேதியையும் போட்டார். அந்தக் கையும் காதும் சேர்ந்து கொடுத்த வயதில்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன், ஓய்வு பெற்றேன், இன்றைக்கு ஓய்வூதியம் வாங்குகிறேன். அரசாங்கம் அறுபது வருடத்துக்கு மேலாக ஏற்றுக்கொண்டிருப்பது ஓர் உறுப்புவாரி வயதைத்தான்.

அதே விதியை இன்று காலை மறுபடி பரிசோதித்தேன். தோள்பட்டை இறுகிவிட்டதால் கை உச்சந்தலையைத் தாண்டவில்லை. காது வெகுதூரத்தில் இருக்கிறது. மேற்படி விதியின்படி எனக்கு இன்னும் ஐந்து வயது நிறையவில்லை.

இதைத் தாங்கள் ரயில்வேக்கும் தெரியப்படுத்த வேண்டும். 60 வயது ஆணுக்கு 40 சதவீதமும் 58 வயதுப் பெண்ணுக்கு 50 சதவீதமும் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்டது. நாங்களும் அதைப் பற்றி வருடா வருடம் மனு எழுதி அலுத்துவிட்டோம். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட்டே வேண்டாம் என்ற விதி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. இனி அதன்கீழ் பயணம் செய்ய உத்தேசித்துள்ளேன். தனிப் படுக்கை தரமாட்டார்கள், கூட வருபவர் மடியில்தான் உட்கார வேண்டும் என்பதே ஒரே இடைஞ்சல். இது குறித்து என் மனைவியிடம் பேசினேன். டெம்போ டிராவலர் தம்பி சொன்னதெல்லாம் முகத்துக்குத்தான், முழங்காலுக்கு இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டார். ஆகவே அவருடைய முழங்காலுக்கும் ஒரு சான்று இதே விண்ணப்பத்தின் பேரிலேயே, தனிக் கட்டணம் இல்லாமல், வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்