கூராங் மானிஸ்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்கு ஒருவர் வந்து, நூறு வயது வாழ்வது எப்படி என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார். கழுத்தில் டை, பின்னால் பெரிய திரை. திரையில் ஒரு தட்டு வெள்ளைச் சோறு, அதன்மேல் மண்டையோடு. "அம்மா, ஐயா, இது சோறில்ல, வெசம்" என்றார். முன்வரிசைப் பாட்டிகள் கன்னத்தில் கை வைத்தார்கள். கடைசியில் பையைத் திறந்து, "இனிப்புநீர் ஏறாத அரிசி" என்று சின்னச் சின்னப் பொட்டலங்களை விற்றார். வாங்கிப் பிரித்துப் பார்த்தால் புழுங்கல் அரிசி! விலையைச் சொல்ல மாட்டேன். இரத்தக் கொதிப்பு ஏறும் விஷயங்களைப் பேசவேண்டாம் என்று எனக்கு உத்தரவு.

நீண்ட ஆயுளுக்கு எனக்கும் ஒரு வழி தெரியும். கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு தே.

எங்கள் பக்கம், அதாவது ரந்தாவிலிருந்து சிரம்பான் வரை, நாற்பதைத் தாண்டிய யாரும் இப்போது வெறும் 'தே' கேட்பதில்லை. 'தே கூராங் மானிஸ்'தான், இனிப்பு குறைச்சலாக. நானும்தான். சொன்ன மாத்திரத்தில் முகத்தில் ஒரு விரதக்களை வந்துவிடுகிறது. கடைக்காரரிடம் சொல்வதாகப் பேர். கேட்கவேண்டியது பக்கத்து மேசை. அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறோம். உள்ளே டின் பால் ஊற்றுகிற தம்பி எப்போதும்போல் ஊற்றி, கடைசிச் சொட்டை மட்டும் டின்னிலேயே விட்டுவிடுவான். அந்தச் சொட்டுதான் நாங்கள் காப்பாற்றிக்கொண்ட உயிர்.

பக்கத்து மேசை சும்மா இருக்குமா? "தே சி கோசோங்" என்று குரல் வரும். சீனியே கிடையாது, நம்மைவிட ஒரு படி மேல். மூலையில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் கிராணி "தே ஓ கோசோங்" என்று பாலையும் துறந்துவிடுவார். அதற்கு மேல் துறக்க ஒன்றுமில்லை என்பதால் கடை அமைதியாகிவிடும். அப்புறம் அவரே ரெண்டு ரொட்டி சானாய் கேட்பார். தொட்டுக்கொள்ள ஒரு தட்டில் சீனி. குழம்பு காரமாம். "இது கரையாத சீனிப்பா, மெதுவாத்தான் ஏறும்" என்று விளக்கமும் உண்டு.

தே வந்ததும் இனிப்புநீர் நம்பர் பேச்சு. ஒரு காலத்தில் ரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்தில் "ஒனக்கு எத்தன கிலோ?" என்று விசாரித்த அதே ஆட்கள்தான். "காலையில எட்டு." "எனக்குப் பதினொண்ணு." பதினொன்று சொன்னவர் குரலில் லேசான பெருமை. பதினான்கு வைத்திருப்பவர் வந்துவிட்டால் எழுந்து நாற்காலி கொடுக்கிறோம். மூன்று மாதக் கணக்கு பார்க்க கிளினிக்குக்குப் போகவேண்டுமென்றால், முந்தின வாரம் எல்லாரும் வாயைக் கட்டுவார்கள். துரை சுற்ற வரும் நாளில் மட்டும் காயம் படாமல் மரம் சீவுகிற கதை. பழைய காயத்தைப் பட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

காலையில் வெண்டைக்காய் ஊறிய தண்ணீர், பத்து மணிக்குப் பாகற்காய்ச் சாறு, பொழுது சாய்ந்தால் மிசாய் கூச்சிங் கஷாயம். இத்தனையும் குடித்தபின் வாய்க்கசப்புப் போக ஒரு லட்டு. கோயிலில் சர்க்கரைப் பொங்கலுக்குக் கூராங் மானிஸ் கிடையாது, சாமி கோபித்துக்கொள்ளும். வீட்டுக்குத் தாப்பாவ் கட்டுகிற தேவுக்கும் கிடையாது, அது பிள்ளைகளுக்கு. வழியிலேயே அந்தப் பொட்டலத்தில் உறிஞ்சுகுழாய் போட்டது யார் என்பது எனக்கும் என் மோட்டார் சைக்கிளுக்கும் மட்டும் தெரியும்.

தே பற்றி இவ்வளவு எழுதுவதாக இல்லை. அரிசிக்கு வருகிறேன்.

டை கட்டியவருக்கு ஒரு செய்தி. வெள்ளை அரிசி விஷம் என்று நூறு வருஷத்துக்கு முன்பே இதே சிரம்பானில் ஒரு வெள்ளைக்காரர் சொல்லிவிட்டார். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் அரசு மருத்துவர் பிராடன். அந்த நாளில் ஈயச் சுரங்கத்துச் சீனர்கள் பெரிபெரியால் கால் வீங்கி, நெஞ்சடைத்து, கூட்டங்கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அதே ஊர், அதே மழை, ஆனால் தோட்டத்துத் தமிழனுக்கு மட்டும் அந்த வியாதி வருவதில்லை. பிராடன் பார்த்துக்கொண்டே வந்தார். சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி. நம் ஆட்கள் சாப்பிட்டது புழுங்கல். 1907இல் இதைப் புத்தகமாகவே போட்டார். தீட்டிய அரிசி இருப்பில் கிடக்கும்போது அதில் நஞ்சு பிடிக்கிறது என்பது அவர் கட்சி.

ஆள் சரி, காரணம் தப்பு. அதே 1907இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து ஃபிரேசரும் ஸ்டாண்டனும் நம் ஜெலுபுப் பக்கம் காட்டுக்குள் ரோடு போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவாக்காரத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்துக்குப் பச்சரிசி, மறு பக்கத்துக்குப் புழுங்கல். பச்சரிசிக்காரர்களுக்குப் பெரிபெரி வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள், வியாதியும் இடம் மாறியது. அரிசியில் நஞ்சு ஏதும் சேரவில்லை. தவிட்டோடு சத்துதான் போய்விட்டது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து தவிட்டிலிருந்து உள்ளே இறங்கிவிடுகிறது. இன்று அதற்குப் பெயர் வைட்டமின் பி1. நெல் அவித்த நம் கிழவிகளுக்குப் பெயர் தெரியாது, டையும் கிடையாது.

ஆக, புழுங்கல் தின்ற நம் முப்பாட்டன் நூறு வயது இருந்தானா என்றால், அதுதான் இல்லை. பெரிபெரி விட்டவனை மலேரியா பிடித்தது. பெரட்டில் வரிசையாக நிறுத்திக் குவினைன் ஊற்றினார்கள். லயத்துக்குப் பக்கத்தில் ஓடிய தெளிந்த ஓடையே கொசுவை வளர்த்தது. கிள்ளானில் 1901இல் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்துத் தண்ணீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்தார். பின்னால் மேட்டுத் தோட்டங்களில் ஓடை நீரைப் பூமிக்கடியில் குழாயில் விட்டும் எண்ணெய் தெளித்தும்தான் சாவு இறங்கியது. சாக்கடை வெட்டியதால் கூடிய ஆயுள் அது. யாரும் அதைப் பொட்டலம் கட்டி விற்கவில்லை, திரையில் மண்டையோடும் காட்டவில்லை.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். முப்பது வருஷம் இருட்டில் எழுந்து, காண்டா தூக்கி, மேடும் பள்ளமுமாக மரத்துக்கு மரம் நடந்த அக்காவைப் பார்த்து, "நீங்கள் போதுமான அளவு நடப்பதில்லை" என்கிறார் டை கட்டிய அந்த மனிதர். அக்கா தலை குனிந்துகொள்கிறார். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு, அக்காவைத் தாமானில் மூன்றாம் மாடிக்கு ஏற்றியது யார் என்று அந்த மனிதர் கேட்கவில்லை. 2019 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு, ஐந்தில் கிட்டத்தட்ட ஒருவருக்கு, இனிப்புநீர் இருந்தது. அதே ஆண்டு ஜூலையில் புட்டியிலும் டின்னிலும் வரும் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டார்கள். டின் பால் ஊற்றும் தம்பிக்கு வரி இல்லை.

ஆயுளை நீட்டும் அந்த வழியைச் சொல்வதாக இருந்தேன். இடம் போதவில்லை, தேவும் ஆறிவிட்டது. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கூராங் மானிஸ் சொல்லுங்கள், சொல்லாமல் போங்கள், உங்கள் இஷ்டம். தினமும் படுக்கும்முன் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். உணர்ச்சி போன காலில் புண் வந்தால் வலிக்காது. தோட்டத்தையே நடந்து தீர்த்த கால்களைக் கட்டை விரலிலிருந்து தொடங்கி ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு துண்டாக விட்டுவிட்டு வந்தவர்கள் எங்கள் லயத்திலேயே உண்டு. கண்ணையும் காட்டிவிடுங்கள். கையில் பொட்டலம் வாங்கக் காசு இருக்கிறதென்றால் இதற்கும் இருக்கும். அரசாங்கக் கிளினிக்கில் சீட்டுக்கு ஒரு ரிங்கிட்தான்.