மும்மலத் தடாகம்: வீட்டு நீச்சல்குளக் கலங்கலின் மறுபிறப்பு குறித்த ஓர் ஆய்வு

பாயிரம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை தாண்டினால் மாமல்லபுரம் வரைக்கும், உயர்ந்த மதில்களுக்குப் பின்னால் நீச்சல்குளங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றின் நீருக்கு இரண்டே நிலைகள்: ஒன்று, கலங்கியிருக்கும், அல்லது நாளை கலங்கவிருக்கும். கலங்கிய குளத்தை ஒருமுறை தெளியவைக்கப் பலருக்கும் தெரியும். தெளிந்தது அடுத்த வாரமே ஏன் கலங்குகிறது என்பதுதான் கேள்வி. பிறந்து இறந்து மீண்டும் பிறக்கும் சிக்கலை ஆராய்ந்த சைவ சித்தாந்தமே இதற்கும் விடை தரும் என நிறுவுவது இவ்வாய்வின் நோக்கம். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் பிறர் மதம் மறுக்கும் பரபக்கத்தை முன்வைத்து, தம் மதம் நிறுவும் சுபக்கத்தைப் பின்வைத்தார். அம்முறையே இங்கும் கொள்ளப்படும்.

ஆய்வுக்குரிய குளம்: நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 1.25 மீட்டர், கொள்ளளவு 40,000 லிட்டர். நீர்மூலம்: போர்வெல். ஆதீனகர்த்தர்: வீட்டு ஓனர். தம்பிரான்: வாரம் இருமுறை டிவிஎஸ் எக்ஸெல்லில் வரும் பூல்காரர்.

பரபக்கம்

முதல் மதத்தார் பிளீச்சிங்வாதிகள். "இன்னும் ரெண்டு கிலோ போட்டா பளிச்சுனு ஆயிடும் சார்" என்பது இவர்களின் மூலமந்திரம். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், மறுப்பில்லை. ஆனால் அதோடு சுண்ணாம்பும் இறங்குகிறது, பிஎச் ஏறுகிறது. பிஎச் 7.5 இருக்கையில் குளோரினில் ஏறத்தாழப் பாதி, வீரியமுள்ள ஹைப்போகுளோரஸ் அமிலமாக நிற்கும். 8-ஐத் தொட்டால் அது கால் பங்குக்குச் சுருங்கிவிடும். ஆக, கொட்டக் கொட்டக் கொட்டியதன் வேலை குறைகிறது. கரையாத சுண்ணாம்பு மட்டும் வெள்ளையாக மிதந்து, "இன்னும் ரெண்டு கிலோ"வுக்கு வழிசெய்கிறது.

இரண்டாம் மதத்தார் படிகாரவாதிகள். பானையில் தேற்றாங்கொட்டை உரைத்து நீர் தெளியவைத்த பழைய மரபின் வாரிசுகள். இவர்கள் பக்கம் இயற்பியல் இருக்கிறது. ஸ்டோக்ஸ் விதிப்படி கணக்கிட்டால், 1 மைக்ரான் களிமண் துகள் அசையாத நீரில் 1 மீட்டர் கீழிறங்க ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். படிகாரம் அத்துகள்களைத் திரட்டி ஓரிரவில் அடியில் உட்காரவைக்கிறது. காலையில் வால்வை 'வேஸ்ட்' பக்கம் திருப்பி வண்டலை வெளியே உறிஞ்சித் தள்ள வேண்டும். "தண்ணி வீணாப் போகுதே" என்று ஓனர் மாடியிலிருந்து குரல் கொடுப்பார்; வால்வு 'ஃபில்டர்' பக்கம் திரும்பும்; கொழகொழப்பு ஃபில்டருக்குள் இருக்கும் மணலை அடைத்து, அடைக்காத மிச்சம் குளத்துக்கே வந்துசேரும்.

மூன்றாம் மதத்தார் பேக்வாஷ்வாதிகள். ஃபில்டரை நாள்தோறும் கழுவுவதே நல்லொழுக்கம் என்பர். சற்றே அழுக்கேறிய மணல்தான் நுண்துகளைப் பிடிக்கும் என்பதை இவர்கள் அறியார். கழுவிவிட்ட மணல், 20 மைக்ரானுக்குக் குறைந்த துகள்களைப் பெரும்பாலும் நழுவவிடும். அழுத்தமானி, சுத்தமான நாளின் அளவைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறும்வரை மணலைச் சும்மா விடுவதே முறை. கழுவிய பின் 'ரின்ஸ்' வைக்காமல் நேரே 'ஃபில்டர்' வைப்போர், பெயர்ந்த அழுக்கைக் குளத்துக்கே நிவேதனம் செய்கிறார்கள்.

இம்மதங்கள் தமக்குள் வாதிடலாம். ஒரே வாளியில் வாதிடக் கூடாது. பிளீச்சிங் பவுடரும், குளோரின் தரும் இன்னொரு மருந்தான டிசிசிஏ தூளும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

சுபக்கம்

சித்தாந்தம் சொல்லும் உயிரின் மலங்கள் போலவே, குளத்து நீரைப் பற்றிக்கொண்ட மலங்களும் மூன்று.

முதலாவது ஆணவம். இது நீரோடு உடன்பிறந்தது. போர்வெல் நீரின் கடினத்தன்மை. கரைந்திருக்கும் கால்சியத்தை எந்த மணலும் வடிகட்டாது. வெயிலில் நீர் ஆவியாகிப் போக, கால்சியம் மட்டும் தங்கிப் பெருகும். ஆணவம் அழியாது, அதன் சக்தியே மடங்கும் என்பது சித்தாந்தம். வேதியியலும் அதையே சொல்கிறது: பிஎச் 7.2 முதல் 7.6, காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம் என்று வைத்திருந்தால், கால்சியம் குளத்துக்குள்ளேயே இருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் அடங்கிக் கிடக்கும். அது எப்போது வெளிப்படும் என்று கணிக்கும் சூத்திரத்தை 1936-இல் லாங்கிலியர் வகுத்தார். அவர் சித்தாந்தம் படித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது கன்மம். இது மூவகைப்படும். சேர்த்துவைத்த சஞ்சிதம் என்பது சயனூரிக் அமிலம். டிசிசிஏ மாத்திரை கரைந்து தினமும் 2 பிபிஎம் குளோரின் தந்தால், மாதத்துக்கு 36 பிபிஎம் சயனூரிக் அமிலம் கூடவே சேரும். அளவாக இருந்தால் குளோரினை வெயிலிலிருந்து காக்கும் இப்பொருள், 100-ஐத் தாண்டினால் அதே குளோரினைக் கட்டிப்போடும். டெஸ்ட் கிட்டில் குளோரின் தெரியும். குளத்தில் பாசியும் தெரியும். இந்தச் சஞ்சிதத்துக்கு மருந்து கிடையாது. பாதி நீரைத் திறந்துவிட்டு, இரண்டு லாரித் தண்ணீர் வாங்கி அனுபவித்தே தீர்க்க வேண்டும்.

புதிதாக ஈட்டும் ஆகாமியம் என்பது குளிப்போரின் வியர்வை, தேங்காய் எண்ணெய், வெளியே சொல்லாத இன்னொன்று. இவை குளோரினோடு கூடிக் குளோரமின் ஆகும். "குளோரின் வாசனை தூக்கலா இருக்கே, நல்லா மெயின்டெயின் பண்றீங்க" என்று விருந்தினர் பாராட்டுவது இந்த நாற்றத்தைத்தான். இப்போதே அனுபவிக்கும் பிராரத்தம் என்பது நேற்றைய வைத்தியத்தின் விளைவு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஹைட்ரஜன் பெராக்சைடு 80 லிட்டரை யாரோ குளத்தில் ஊற்ற, அது குளோரினைச் செயலிழக்கச் செய்து, உலகமே பார்க்க நீர் பச்சையானது. இரண்டும் நல்ல மருந்துகள்தாம். சேர்ந்த இடம்தான் சரியில்லை.

மூன்றாவது மாயை: தூசி, மகரந்தம், கடற்காற்று கொண்டுவரும் மணல். இதை நீக்குவது மோட்டார் என்னும் திருவருள். மணிக்கு 10,000 லிட்டர் இறைக்கும் மோட்டார் 4 மணி நேரம் ஓடினால் குளம் முழுதும் வடிகட்டப்பட்டுவிடும் என ஓனர் எண்ணுவார். வடிந்த நீர் வடியாத நீரோடு கலந்துகொண்டே இருப்பதால், அந்நேரத்தில் ஃபில்டரைக் கண்டது 63 சதவீத நீரே. 8 மணி நேரத்தில் 86 சதவீதம்; 12 மணி நேரத்தில் 95. கரண்டு பில்லுக்கு அஞ்சி ஒரே மணி நேரம் ஓட்டினால் 22. அருள் குறைவன்று, ஸ்விட்ச் அணைக்கப்பட்டிருக்கிறது.

கடா: மூன்றனுள் பற்றியது எது என அறிவது எங்ஙனம்?

விடை: சூரியன் மறைந்தபின் குளோரினை அளந்து, உதிக்குமுன் மீண்டும் அளக்க. வெயில் இல்லாத இரவில் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் எதுவோ அதைத் தின்கிறது, அது கன்மம். குறையவில்லையெனில், கலங்கல் நீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் எடுத்துச் சில துளி ஆசிட் விடுக. தெளிந்தால் ஆணவம். தெளியாவிடில் மாயை; மோட்டாரைப் போடுக. இவ்விரு சோதனைக்குமுன் எந்த மூட்டையையும் பிரிக்கலாகாது. கலங்கலை மீண்டும் மீண்டும் பிறப்பிப்பது, நோய் அறியாமல் பிரித்த மூட்டையே.

பயன்

மும்மலமும் அடங்கிய குளம் தெளியும். ஆயினும் ஆகாமியத்தை வேரறுக்க ஒரே வழி, ஒருவரும் இறங்காதிருப்பது. ஓனர்களுள் பக்குவம் முதிர்ந்தோர் இந்நிலையை எய்திவிட்டனர். குளத்தோரம் நாற்காலி போட்டுத் தெளிந்த நீரைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, உள்ளே போய் பக்கெட்டில் குளிக்கிறார்கள். பக்கெட் நீர் அன்றன்றே கொட்டப்படுவதால் அதற்கு மறுபிறப்பு இல்லை.